மாந்தோலும் மாங்கொட்டையும்: பழக்கழிவிலிருந்து பயனுள்ள பொருள்களைப் பிரிப்பது எப்படி?

மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூலை முடியும்வரை கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளுக்கு ஓய்வே கிடையாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தின் சித்தூர் என்று நீளும் இந்த மாம்பழப் பூமியில் அதிகம் விளைவது பெங்களூரா ரகம். கிளிமூக்கு என்றும் தோத்தாபுரி என்றும் சொல்வது அதைத்தான். கூழுக்கென்றே பெயர்போன பழம். லாரியில் வந்து இறங்கும் பழத்தைப் பழுக்கவைத்து, கழுவி, கொட்டையை நீக்கி, சல்லடை இயந்திரத்தில் விட்டுக் கூழாக்கி, சூடேற்றிக் கிருமி நீக்கி, 215 கிலோ பிடிக்கும் டிரம்களில் அடைத்து ஏற்றுமதிக்கு அனுப்புகிறார்கள்.

கூழ் போக மிஞ்சுவது தோல், கொட்டை, நார். ஒரு மாம்பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், சில ரகங்களில் பாதிக்கும் மேல், இப்படி மிஞ்சுகிறது. தோல் மட்டும் 15 முதல் 20 சதவீதம். கொட்டையில் ஒரு பகுதி ஒட்டுக்கன்று கட்டும் நர்சரிகளுக்குப் போகும். போச்சம்பள்ளி பக்கத்துச் சந்தூர் மாங்கன்றுகளுக்கு ஊரறிந்த பெயர் உண்டு. தோலில் கொஞ்சம் மாட்டுத் தீவனமாகும். மீதி கொட்டிய இடத்திலேயே புளித்து, ஈ மொய்த்து, நாற்றமெடுத்து, சாறாகக் கசிந்து மண்ணுக்குள் இறங்குகிறது.

அந்தத் தோலுக்கும் கொட்டைக்கும் உள்ளே விலையுள்ள பொருள்கள் இருக்கின்றன. ஜாமை இறுகவைக்கும் பெக்டின், எண்ணெய் சிக்கடிக்காமல் காக்கும் பாலிஃபீனால்கள், மஞ்சள் நிறமிகள், சாக்லேட்டில் சேர்க்கத் தகுந்த கொழுப்பு. இவற்றை எப்படி வெளியே எடுப்பது என்பதை அடிப்படையிலிருந்து சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை. இந்தத் துறையைப் பற்றி வரும் செய்திகளில் வேதியியல்தான் முன்னால் நிற்கும். என் பார்வையில் இதன் கடினமான பகுதி வேறு இரண்டு: ஈரமும் நேரமும். அவற்றை வென்றவருக்கு வேதியியல் பெரிய தடையாக இருக்காது.

தோலுக்குள் என்ன இருக்கிறது?

மரம் தன் பழத்தின் சதையை விலங்குகள் தின்னட்டும் என்றே இனிப்பாக்கி வைக்கிறது. தோலும் விதையும் அப்படியில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர், பூஞ்சை, பூச்சி எல்லாம் முதலில் தாக்குவது தோலை. விதையோ அடுத்த தலைமுறை. அதனால் காப்புப் பொருள்களை மரம் இந்த இரண்டு இடங்களில்தான் அதிகம் சேர்த்துவைக்கிறது. நாம் சதையைத் தின்று, காப்புப் பொருள்கள் செறிந்த பகுதியை எறிகிறோம்.

காப்புப் பொருள்களில் முக்கியமானவை பாலிஃபீனால்கள். ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்த வளையமும், அதில் ஒட்டிய ஹைட்ராக்சில் தொகுதிகளும் இவற்றின் அடையாளம். அந்த ஹைட்ராக்சில் தொகுதி ஒரு ஹைட்ரஜன் அணுவை எளிதில் விட்டுக்கொடுக்கும். எண்ணெய் கெடும்போது உண்டாகும் முரட்டு மூலக்கூறுகள் அந்த ஹைட்ரஜனைப் பெற்று அடங்கிவிடும். ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்ற பெயர் இந்தக் குணத்தால் வந்தது.

பாலிஃபீனால்களைக் கண்டறிய நமக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, நாக்கே போதும். மாங்கொட்டைப் பருப்பைக் கடித்தால் வாய் வறண்டு நாக்கு சுருக்கென்று இழுக்கும். அதுதான் துவர்ப்பு. பருப்பிலுள்ள டானின் என்னும் பாலிஃபீனால், எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்கிறது. எச்சிலின் வழவழப்பு போய்விடுகிறது. வயிற்றுப்போக்குக்கு மாங்கொட்டைப் பருப்பையும் மாதுளம்பழத் தோலையும் கைமருந்தாகக் கொடுத்ததற்குப் பின்னால் இந்தத் துவர்ப்புதான் இருக்கிறது. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிட்டவர்கள் பயன்படுத்தியதும் இதே குணத்தை: டானின் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது.

மாமரத்தின் அறிவியல் பெயரால் அழைக்கப்படும் ஒரு பாலிஃபீனால் மாங்கிஃபெரின். சாந்தோன் என்னும் வகையைச் சேர்ந்த மஞ்சள் பொருள்; மாவிலை, மரப்பட்டை, தோல், பருப்பு எல்லாவற்றிலும் உண்டு. பழைய ஓவியர்கள் பயன்படுத்திய ‘இந்திய மஞ்சள்’ நிறமியின் முக்கியப் பகுதியும் ஒரு சாந்தோன்தான். பீகாரின் முங்கேர் அருகே மாவிலை தின்ற பசுக்களின் சிறுநீரிலிருந்து அந்த நிறமி தயாரானதாக 1883இல் அரசு அதிகாரி திரைலோக்கியநாத் முகர்ஜி எழுதியிருக்கிறார். மாவிலையில் இருந்த சாந்தோன் பசுவின் உடல் வழியாக மாறி வெளிவந்திருக்க வேண்டும். பசுவுக்கு அது நல்ல தீனியாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

தோலில் எவ்வளவு இருக்கிறது என்று மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ரஸ்பூரி, பாதாமி ரகங்களின் உலர்ந்த தோலில் ஒரு கிராமுக்கு 55 முதல் 110 மில்லிகிராம் பாலிஃபீனால் இருப்பதாக 2007இல் வெளியான அவர்களுடைய ஆய்வு சொல்கிறது. காயின் தோலில் பாலிஃபீனால் அதிகம். பழுத்த தோலில் மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டு நிறமி அதிகம். எதை எடுக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்து எந்தப் பருவத்துத் தோல் வேண்டும் என்பதும் மாறும் என்று இதிலிருந்து தெரிகிறது. தோல் பொடியை பிஸ்கட்டிலும் மக்ரோனியிலும் சேர்த்தும் அதே குழு பார்த்திருக்கிறது. பிரித்தெடுக்காமலே, பொடியாக்கி உணவில் சேர்ப்பதும் ஒரு வழி என்பதை மறக்கக்கூடாது.

கடிகாரம் ஓடத் தொடங்கும் நேரம்

ஆலையிலிருந்து தோல் வெளியே விழுந்த நொடியில் இரண்டு மாற்றங்கள் தொடங்குகின்றன.

முதலாவது, தோலின் சொந்த நொதிகள் செய்வது. உயிருள்ள செல்லில் பாலிஃபீனால்கள் ஓர் அறையிலும், அவற்றைச் சிதைக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி இன்னோர் அறையிலும் இருக்கும். தோல் கசங்கியதும் சுவர்கள் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. காற்றின் ஆக்சிஜனும் சேர, தோல் பழுப்பாகிக் கறுக்கிறது. வெட்டிவைத்த வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பதற்குக் காரணம் இதேதான். அந்தக் கறுப்பு, நாம் எடுக்க நினைத்த பொருள் நம் கண்முன்னே அழிவதன் நிறம்.

இரண்டாவது, நுண்ணுயிர்கள். தோலில் ஒட்டிய கூழில் சர்க்கரை இருக்கிறது. ஈரம் முக்கால் பங்கு இருக்கிறது. ஜூன் மாத வெப்பமும் இருக்கிறது. ஈஸ்ட்டும் பூஞ்சையும் பெருக இதைவிட வசதி வேண்டாம். சில மணி நேரத்தில் புளிப்பு தொடங்கிவிடும். பூஞ்சைகள் வெளிவிடும் நொதிகள் பெக்டின் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. துண்டான பெக்டினுக்கு ஜாமை இறுக்கும் வலு இல்லை. கொட்டைக்குள்ளும் இப்படியே நடக்கிறது: ஈரத்தில் கிடந்தால் பருப்பின் கொழுப்பு உடைந்து புளிப்பேறும், பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சும் சேரலாம். ஒடிசாவின் காசிப்பூர் பகுதியில் 2001இல் பசியால் மாங்கொட்டைப் பருப்புக் கஞ்சி குடித்த பழங்குடி மக்கள் பலர் இறந்தார்கள். அவர்கள் சேமித்துவைத்திருந்த பருப்பு கெட்டுப்போயிருந்தது பெரிதும் பேசப்பட்டது. பருப்பைக் காயவைத்துக் காப்பது எவ்வளவு பொறுப்பான வேலை என்பதை உணர இதற்கு மேல் உதாரணம் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை, நொதியை நிறுத்துவது. தோலைக் கொதிக்கும் நிலைக்கு அருகிலுள்ள வெந்நீரிலோ நீராவியிலோ சில நிமிடம் காட்டினால் நொதி செயலிழக்கும். வெந்நீரில் முக்கினால் கொஞ்சம் பாலிஃபீனால் நீரோடு போய்விடும் என்பதால் நீராவி நல்லது. கூழ் ஆலைகளில் பாய்லர் ஏற்கனவே இருப்பதால் நீராவிக்குப் புதிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

இரண்டாவது வேலை, உலர்த்துவது. பணம் கரையும் இடம் இதுதான். ஒரு டன் பச்சைத் தோலில் 750 கிலோ தண்ணீர் இருப்பதாகக் கொள்வோம். கெடாமல் இருக்க ஈரத்தை 10 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 720 கிலோ தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும். கையில் நிற்பது 280 கிலோ உலர்தோல். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க இயற்கை கேட்கும் வெப்பம் ஏறத்தாழ 2,260 கிலோஜூல். அப்படியென்றால் ஒரு டன் தோலுக்கு, வெப்பம் துளியும் வீணாகாவிட்டாலும், மின்சாரக் கணக்கில் 450 யூனிட். நடைமுறையில் உலர்த்திகள் இதைவிடக் கணிசமாக அதிகம் குடிக்கும். சூட்டைக் கூட்டி வேகமாக முடித்துவிடவும் முடியாது. 50 முதல் 60 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் போனால் பாலிஃபீனாலும் நிறமியும் சிதையத் தொடங்கும். வெயிலில் காயவைப்பது மலிவு. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றின் மேகமும் தூறலும் வரும் அதே நாள்களில்தான் மாம்பழப் பருவமும் உச்சத்தில் இருக்கிறது.

திருகு அச்சில் பிழிந்து ஈரத்தில் ஒரு பங்கை முதலிலேயே வெளியேற்றினால் எரிபொருள் மிச்சமாகும். பிழிந்த சாறோடு சர்க்கரையும் கொஞ்சம் பாலிஃபீனாலும் போகும். எது லாபம் என்பதை ஆலைக்கு ஆலை கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

டிகாஷன் தத்துவம்

உலர்ந்த தோல் பொடி கையில் இருக்கிறது. அதிலிருந்து பொருளை எப்படி வெளியே எடுப்பது? தினமும் காலையில் நம் சமையலறையில் நடப்பதுதான் இது. பில்டரில் காபிப்பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றுகிறோம். பொடியிலுள்ள சுவை, நிறம், கசப்பு எல்லாம் நீரில் இறங்கி டிகாஷன் ஆகிறது. பொடி பருமனாக இருந்தால் டிகாஷன் நீர்த்துப்போகும். மாவாக இருந்தால் துளை அடைத்துக்கொள்ளும். நீர் சூடாக இருந்தால் சீக்கிரம் இறங்கும். முதல் டிகாஷன் திக்காகவும் இரண்டாவது லேசாகவும் இருக்கும். பழக்கழிவைக் கையாளும் பொறியாளர் கவனிக்கும் அத்தனை விதிகளும் இங்கேயே இருக்கின்றன: பொடியின் அளவு, வெப்பம், நேரம், ஒரு கிலோ பொடிக்கு எத்தனை லிட்டர் கரைப்பான், எத்தனை முறை.

வித்தியாசம் கரைப்பானில்தான். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். சர்க்கரை நீரில் கரையும்; எண்ணெய் கரையாது. பாலிஃபீனால்கள் நடுவில் நிற்பவை. அவற்றின் வளையப்பகுதி நீரை அவ்வளவாக விரும்பாது. ஹைட்ராக்சிலும், பலவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரைப் பகுதியும் நீரை விரும்பும். அதனால் தூய நீரும் முழுப் பலன் தராது, தூய எத்தனாலும் தராது. எத்தனாலும் நீரும் கலந்த கலவை, பெரும்பாலும் 50 முதல் 80 சதவீத எத்தனால், நன்றாக வேலை செய்கிறது. நீர் செல்சுவரை ஊறவைத்து விரிக்கும். எத்தனால் உள்ளே புகுந்து கரைத்து வெளியே கொண்டுவரும். ஒரு கிலோ பொடிக்கு 10 முதல் 20 லிட்டர், 50 டிகிரி அளவு சூடு, கிளறல் என்பது வழக்கமான தொடக்கம்.

ஆய்வுக்கூடங்களில் மெத்தனாலும் பயன்படுகிறது. மனிதர் உண்ணப்போகும் பொருளுக்கு அதைத் தவிர்ப்பதே முறை. எத்தனாலுக்கு நம் மாநிலத்தில் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும், தீப்பிடிக்காத மின் அமைப்பு வேண்டும், இருப்புக் கணக்கு வேண்டும். சிறு தொழில் தொடங்க நினைப்பவர்கள் இயந்திரப் பட்டியலுக்கு முன் பார்க்க வேண்டிய பட்டியல் இது.

வடிகட்டிய சாற்றிலிருந்து எத்தனாலை மீட்டாக வேண்டும். 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனாலை வெற்றிடத்தில் 40, 50 டிகிரியிலேயே ஆவியாக்கிக் குளிரவைத்துத் திரும்பப் பிடிக்கலாம். சரக்கும் கெடாது, கரைப்பானும் மறுபடி பயன்படும். மீட்பு சரியில்லாத ஆலை கரைப்பான் செலவிலேயே மூழ்கிவிடும்.

மீட்ட பிறகு நிற்கும் கெட்டிச் சாற்றில் பாலிஃபீனாலோடு சர்க்கரையும் அமிலமும் இருக்கும். சர்க்கரை இருந்தால் பொடியாக்கும்போது பிசுபிசுக்கும். நுண்துளைகள் கொண்ட பிசின் மணிகளை நிரப்பிய குழாயில் இந்தச் சாற்றை ஓட்டினால் பாலிஃபீனால் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், சர்க்கரை கழுவிக்கொண்டு போகும். பிறகு எத்தனாலை ஓட்டி ஒட்டியதைக் கழற்றலாம். கடைசியில் மாவுச்சத்திலிருந்து செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்துச் சூடான காற்றில் தெளித்தால் பொடி.

புதிய முறைகள் பல உண்டு. மீயொலியில் 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு, நீரில் நுண்குமிழ்களை உண்டாக்கி வெடிக்கச் செய்து செல்சுவரைக் கிழிக்கும். மைக்ரோவேவ், செல்லுக்குள் இருக்கும் நீரையே சூடாக்கி உள்ளிருந்து உடைக்கும். பெக்டினேஸ், செல்லுலேஸ் நொதிகள் சுவரை மெல்லக் கரைக்கும். கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கு மேலும், வளிமண்டலத்தைப் போல் சுமார் 73 மடங்கு அழுத்தத்துக்கு மேலும் கொண்டுபோனால் அது வாயுவும் திரவமும் கலந்த குணம் பெற்று எண்ணெய்ப்பசை உள்ள பொருள்களைக் கரைக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் வாயுவாகப் பறந்துவிடும், எச்சமே இருக்காது. காபியில் கஃபீனை நீக்க இந்த முறை உலகில் பெரிய அளவில் நடக்கிறது. கரோட்டினாய்டுக்கும் பொருந்தும். மாங்கிஃபெரினுக்குத் தனியாக இது போதாது. கொஞ்சம் எத்தனால் சேர்க்க வேண்டும். இயந்திர விலை மிக அதிகம் என்பதால் தொடக்க நிலையில் இதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெக்டின்: எடை தரும் பொருள்

பாலிஃபீனாலுக்குத்தான் பெயர் அதிகம். மாந்தோலில் எடைக்கணக்கில் அதிகம் கிடைப்பது பெக்டின். கேலக்டுரோனிக் அமிலம் என்னும் சர்க்கரை அமிலத்தின் நீண்ட சங்கிலி அது; செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது அதன் வேலை. பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிரக்கோனோ 1825இல் இதைப் பிரித்துப் பெயரிட்டார். இன்று உலகச் சந்தையில் உள்ள பெக்டின் பெரும்பாலும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் வருகிறது. அதாவது இந்தத் தொழிலே பழச்சாறு ஆலைகளின் கழிவில் எழுந்து நிற்பது. பழக்கழிவிலிருந்து காசு வருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இதைவிட உறுதியான சான்று கிடைக்காது.

முறை எளிது. உலர்தோலை அமிலம் சேர்த்த வெந்நீரில், காடித்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 2ஐ ஒட்டி, 80, 90 டிகிரியில் ஒரு மணி நேரம் போல வைத்தால் பெக்டின் சுவரிலிருந்து கழன்று நீரில் இறங்கும். வடிகட்டி, எத்தனாலோ ஐசோபுரொப்பனாலோ சேர்த்தால் நார்நாராகத் திரண்டு மேலே வரும். கழுவி, காயவைத்து, அரைத்தால் பெக்டின் பொடி. உலர்தோலின் எடையில் 10 முதல் 15 சதவீதம் எதிர்பார்க்கலாம்.

வீட்டில் இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. எலுமிச்சைத் தோலின் உட்புற வெள்ளைப் பகுதியை நறுக்கி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு அரைமணி நேரம் சிறுதீயில் வேகவைத்து வடிகட்டுங்கள். ஆறிய நீரில் ஒரு கரண்டி எடுத்து, மூன்று கரண்டி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் விட்டு மெதுவாக அசையுங்கள். கொழகொழவென்று ஒரு கட்டி திரளும். அதுதான் பெக்டின். ஸ்பிரிட் சேர்த்ததை வாயில் வைக்கக்கூடாது. அடுப்புக்கு அருகே செய்யவும் கூடாது. ஸ்பிரிட் சேர்க்காத மீதி நீரை கொய்யா ஜாமில் விட்டுக் கிளறலாம்.

பாலிஃபீனாலையும் பெக்டினையும் ஒரே தோலிலிருந்து எடுக்க முடியுமா? முடியும், வரிசை முக்கியம். முதலில் எத்தனால் கலவையால் பாலிஃபீனாலை எடுத்துவிடலாம். அதில் பெக்டின் கரையாது என்பதால் சக்கையிலேயே பத்திரமாக நிற்கும். பிறகு அமில வெந்நீர். ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வரிசையைக் காட்டினார்கள்: அமில வெந்நீரில் இரண்டையும் சேர்த்து எடுத்து, பிசின் குழாயில் ஓட்டி, பாலிஃபீனாலைப் பிடித்துக்கொண்டு, பெக்டினை மட்டும் வெளியே விடுவது. ஆப்பிள் சக்கையில் செய்து பார்த்து, பிறகு மாந்தோலுக்கும் கொண்டுவந்தார்கள். பாலிஃபீனால் நீங்கிய பெக்டினுக்குப் பழுப்பு நிறம் குறைவு. வெளிர் நிறப் பெக்டினுக்குச் சந்தையில் மதிப்பு அதிகம்.

கொட்டைக்குள் இருக்கும் கொழுப்பு

கொட்டையை உடைத்து, ஓட்டை நீக்கி, பருப்பைக் காயவைத்து அரைத்தால் அதில் 7 முதல் 12 சதவீதம் கொழுப்பு. ஹெக்சேன் கரைப்பானில் எடுக்கலாம். தவிட்டு எண்ணெய் எடுக்கும் ஆலைகள் பயன்படுத்தும் அதே முறை. இந்தக் கொழுப்பில் ஸ்டியரிக், ஒலீயிக் அமிலங்களே பெரும்பங்கு என்பதால் அறை வெப்பத்தில் கெட்டியாகவும் உடல் வெப்பத்தில் உருகியும் நிற்கும். கொக்கோ வெண்ணெயின் குணமும் இதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டுச் சாக்லேட் விதிமுறை, கொக்கோ வெண்ணெயோடு 5 சதவீதம் வரை சேர்க்க ஆறு தாவரக் கொழுப்புகளை மட்டும் அனுமதிக்கிறது. அவற்றில் ஒன்று மாங்கொட்டைக் கொழுப்பு. நம் நாட்டுக் குங்கிலிய இனத்துச் சால் விதைக் கொழுப்பும் கோகம் கொழுப்பும் அதே பட்டியலில் இருக்கின்றன. 2024இல் கொக்கோ விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனபோது இந்தப் பட்டியலை உலகம் மறுபடி கவனிக்கத் தொடங்கியது. உதட்டுக் களிம்பு, சோப்பு, தோல் பூச்சு செய்பவர்களும் மாங்கொட்டை வெண்ணெயை வாங்குகிறார்கள். கிருஷ்ணகிரி போன்ற இடத்தில் முதலில் எதைத் தொடுவது என்று கேட்டால் என் பதில் கொட்டை. தோலை விட ஈரம் குறைவு, உள்ளே இருப்பதைக் கடினமான ஓடு காக்கிறது, சந்தையும் தயாராக இருக்கிறது.

கொழுப்பு எடுத்த பருப்பு மாவில் மாவுச்சத்தும் டானினும் மிஞ்சும். டானினை எத்தனாலால் எடுத்துவிட்டால் மீதி தீவனத்துக்குத் தோதாகும். எடுக்காமல் அதிகம் கொடுத்தால் மாட்டின் வயிற்றில் புரதச் செரிமானத்தை அந்த டானின் தடுக்கும்.

எண்களையும் விளம்பரங்களையும் எப்படிப் படிப்பது?

பாலிஃபீனாலின் மொத்த அளவைச் சொல்லப் பெரும்பாலும் ஃபோலின்-சியோகால்ட்யூ முறையைப் பயன்படுத்துகிறார்கள். சாற்றில் அந்த வினைப்பொருளைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் அடர்ந்தால் பாலிஃபீனால் அதிகம். மலிவானது, எளிது. ஆனால் வைட்டமின் சியும் சில சர்க்கரைகளும்கூட அதே நீலத்தைத் தரும். பழச்சாறு போன்ற பொருளில் எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரிய வாய்ப்புண்டு. மாங்கிஃபெரின் எத்தனை மில்லிகிராம் என்று தனியே தெரிய வேண்டுமானால், கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் பார்க்க வேண்டும். வாங்குகிறவர் கேட்பதும் அந்த அறிக்கையைத்தான்.

அடுத்தது உடல்நலம். சோதனைக்குழாயில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் உடம்புக்குள்ளும் அப்படியே செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பாலிஃபீனாலில் பெரும்பகுதி குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் அப்படியே போவதில்லை. குடல் நுண்ணுயிர்கள் அதை வேறு பொருள்களாக மாற்றுகின்றன. பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. கேரட்டிலும் மாம்பழத்திலும் இருக்கும் அதே பொருள்தான். உணவில் இருப்பதும் பிரித்து மாத்திரையாக்கித் தருவதும் உடலுக்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

உறுதியான சான்று உள்ள உதாரணமும் இருக்கிறது. ஆலிவ் பழத்தின் ஹைட்ராக்சிடைரோசால் வகைப் பொருள்கள் நாளுக்கு 5 மில்லிகிராம் கிடைத்தால் இரத்தக் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்க உதவும் என்று ஆலிவ் எண்ணெய்ப் புட்டியில் எழுத ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்திருக்கிறது. ஆலிவ் ஆலைகளின் கழிவுநீரில் அதே பொருள் நிறைய இருக்கிறது. அங்கிருந்தும் அதைப் பிரிக்கிறார்கள். அதே ஒன்றியத்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், பொத்தாம்பொதுவான ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பான்’ உரிமைகோரல்களில் ஏராளமானவற்றைச் சான்று போதாதென்று நிராகரித்தது. மாந்தோல் சாற்றை நோய் தீர்க்கும் பொருளாக விற்கும் விளம்பரத்தைப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள். எண்ணெய்ப் பலகாரம் சிக்கடிக்காமல் காக்கவும், நிறம் தரவும், களிம்பில் சேர்க்கவும் அது நேர்மையாகப் பயன்படும். அந்தச் சந்தையே போதுமான அளவு பெரியது.

பாதுகாப்பும் இங்கேயே பேச வேண்டியது. தெளித்த பூச்சிமருந்து தங்குவது தோலில்தான். நாம் விரும்பும் பொருளைச் செறிவாக்கும்போது மருந்தின் எச்சமும் சேர்ந்து செறிவாகலாம். தோப்பிலிருந்தே கணக்கு இருந்தால்தான் சாறு விற்கும். அடுத்தது மாம்பால். முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த மாவின் பாலிலும் தோலிலும் உள்ள ரெசார்சினால் வகைப் பொருள்கள் சிலருக்கு வாயைச் சுற்றிக் கொப்புளம் வரவைக்கும். உணவுக்கோ பூச்சுக்கோ போகும் சாற்றில் அவை எவ்வளவு என்று சோதிக்காமல் விற்கக்கூடாது.

மற்ற பழங்கள், சுருக்கமாக

ஆரஞ்சுத் தோலைச் சுடரின் அருகே பிழிந்தால் பொறி பறக்கும். அது லிமோனீன் எண்ணெய். உள்வெள்ளையில் ஹெஸ்பெரிடின் உண்டு, 1828லேயே பிரித்தெடுக்கப்பட்டது. திராட்சைச் சக்கையின் தோலில் நிறமி, விதையில் எண்ணெயும் டானினும். மாதுளைத் தோலில் புனிகலாஜின் என்னும் பெரிய டானின். அன்னாசித் தண்டில் புரதத்தை அறுக்கும் புரோமெலைன் நொதி. இதற்கு வெந்நீரும் ஆல்கஹாலும் ஆகாது, குளிர்ந்த நீரில்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நொதி செத்துவிடும். தக்காளித் தோலில் லைகோப்பீன், எண்ணெயில் கரைவது. பழம் மாறும்போது கரைப்பானும் வெப்பமும் மாறுகின்றன; உடனே நொதியை நிறுத்தி ஈரத்தை இறக்கும் அவசரம் பெரும்பாலான பழங்களுக்குப் பொது.

ஓர் ஆலைக்கு என்ன கிடைக்கும்?

முன்பு பார்த்த ஒரு டன் பச்சைத் தோலுக்கே திரும்புவோம். 280 கிலோ உலர்தோலில் ஈரம் போக 250 கிலோ திடப்பொருள். மைசூரு ஆய்வின் அளவை வைத்துப் பார்த்தால் அதில் 14 முதல் 27 கிலோ பாலிஃபீனால் இருக்கும். கைக்கு வருவது அதைவிடக் குறைவு. பெக்டின் 25 முதல் 37 கிலோ. மீதி நார். அதை சாண எரிவாயுக் கலனில் விட்டால் வாயு பாய்லருக்குப் போகும்.

இந்த அளவுக்காக ஒவ்வொரு கூழ் ஆலையும் எத்தனால் உரிமம், வெற்றிடக் கலன், பிசின் குழாய், ஆய்வுக்கூடம் என்று தனித்தனியே முதல் போடுவது கட்டுப்படியாகாது. ஆலைக்கு ஆலை வேண்டியது நீராவி காட்டும் தொட்டி, பிழியும் அச்சு, உலர்த்தி, கொட்டை உடைக்கும் இயந்திரம் ஆகியவைதான். அன்றைய தோலை அன்றே உலர்த்தி, பையில் கட்டி, ஈரமில்லாத கிடங்கில் அடுக்கிவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். பிரித்தெடுக்கும் வேலையை வட்டாரத்துக்குப் பொதுவான ஒரு கூடத்தில், கூட்டுறவாகவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ செய்யலாம். பருவ மாதங்களில் வந்து குவிந்ததை ஆகஸ்டில் தொடங்கி அடுத்த பருவத்துக் காய் இறங்கும்வரை நிதானமாக எடுக்கலாம். கூழ் ஆலைகளில் பருவம் முடிந்ததும் வேலையில்லாமல் போகும் ஆள்களுக்கு, பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களுக்கு, அந்த மாதங்களில் இங்கே வேலை இருக்கும்.